டெல்பர்ட்டின் நூற்றொரு மைல்

சனிக்கிழமை காலையில் பர்பாங்க் டோனட் கடையின் வாகன நிறுத்தத்தில் டெல்பர்ட் ஹாக்ஸி அந்தக் கதையை எடுத்தால், உள்ளே கல்லாவில் நிற்கும் சோஃபீப்பின் உதடுகளும் கூடவே அசையும். கம்போடியாவிலிருந்து வந்து கடை போட்டவள் அவள். இங்கத்திப் பேச்சில் பாதியை டெல்பர்ட்டின் கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடித்தாள் என்பார்கள். அதனால் இன்றைக்கும் கார்புரேட்டர் என்றால் அவளுக்குச் சட்டென்று புரியும், துடைப்பம் என்றால் கொஞ்சம் யோசிப்பாள்.

அங்கே கூடுகிறவர்கள் அத்தனை பேரும் பிணந்தின்னிக் கழுகுகள். பயப்பட வேண்டாம், அது அவர்களுடைய சங்கத்தின் பெயர். கொரியச் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் பழைய ஃபோர்டுகளைப் பிரித்து, வெட்டி, ஒட்டி, எல் மிராஜ் காய்ந்த ஏரியில் கொண்டுபோய் விரட்டிய பையன்கள். இப்போது எல்லாருக்கும் எழுபது தாண்டிவிட்டது. அப்படிப்பட்டவர்களை அவன் இவன் என்பதா என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். காலை ஏழு மணிக்கு அந்த வாகன நிறுத்தத்தில் நின்றுபார்த்தால் ஒருவனுக்கும் இருபத்தொன்றுக்கு மேல் வயது ஏறவில்லை என்பது தெரிந்துவிடும்.

"ஃபோன்டானாவுல ஒருத்தன் தோட்டத்துல கோழிக்கூண்டா கெடந்த வண்டிடா அது," என்று அன்றைக்கும் ஆரம்பித்தான் டெல்பர்ட். "உள்ள ஏழெட்டுக் கோழி. கோழியை வெச்சுக்கோ, வண்டியைக் குடுன்னேன்."

"அதுல ஒரு கோழி இறங்கவே மாட்டேன்னு அடம் பிடிச்சுது," என்றாள் வெல்மா, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி. அவன் மனைவி. இந்தக் கதையில் அவளுக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரே வரி அது.

"இறங்கவே இல்ல. பர்பாங்க் வரைக்கும் கூடவே வந்துச்சு." டெல்பர்ட் காபியை ஒரு வாய் குடித்துக்கொண்டான். "மட்கார்டைக் கழட்டினேன். கண்ணாடியைக் கழட்டினேன். ஸ்டார்ட்டரைக் கழட்டினேன். எடை குறையணும்ல? பின்னாடி பாக்குற கண்ணாடி எதுக்கு? பின்னாடி வர்றவன் எனக்கு எதுக்கு? அதையும் கழட்டினேன். கழட்ட முடியாததுல எல்லாம் ஓட்டை போட்டேன்."

எடை குறைக்கிற விஷயத்தில் அவன் சொன்னது குறைவுதான். பிரேக் மிதியில் ஓட்டை, கதவுக் கைப்பிடியில் ஓட்டை, கியர்த் தண்டில் ஓட்டை. பந்தயத்துக்கு முதல் நாள் தலையை மொட்டை அடித்துக்கொண்டான். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. அவனை அப்படியே விட்டிருந்தால் காற்றிலும் துளை போட்டிருப்பான். இவ்வளவு செய்தும் வண்டி மணிக்குத் தொண்ணூறு மைலைத் தாண்ட மறுத்தது. அதற்குக் கரப்பான் என்று பெயர். கரப்பான் மாதிரியே கன்னங்கரேலென்று இருக்கும், வெளிச்சம் பட்டால் எந்தப் பக்கம் ஓடும் என்று அதற்கே தெரியாது.

"அன்னைக்கு ஏரியில ஒரே புழுதி," என்று குரலைத் தாழ்த்தினான் டெல்பர்ட். இந்த இடத்தில் எல்லாரும் காதுக்கருவியைத் திருகிச் சத்தத்தைக் கூட்டிக்கொள்வார்கள். மூடியில்லாத புகைக்குழாய்ச் சத்தத்தில் வாலிபத்தைக் கழித்தவர்களுக்குக் கடவுள் கொடுத்த கூலி அந்தக் கருவி. "எஞ்சின் இருமுது, தும்முது. எட்டுல நாலு சிலிண்டர் வேலைநிறுத்தம். போச்சுன்னு நெனச்சேன். பாதி தூரம் போனேன் பாரு, திடீர்னு..."

கல்லாவில் சோஃபீப்பின் உதடுகள் அசைந்தன.

"...திடீர்னு கடவுளே முதுகுல கை வெச்சுத் தள்ளின மாதிரி ஒரு வேகம். நூத்தியொரு மைல்."

வெல்மா தன் டோனட்டைப் பெரிதாகக் கடித்தாள். ஐம்பது வருஷமாக இந்த இடம் வந்தால் அவள் எதையாவது கடித்துவிடுவாள். வாய் நிறைந்திருந்தால் பேச வேண்டியதில்லை அல்லவா.

"கடிகாரம் தப்பு," என்றான் ராஸ்கோ பில்ட்ஸ்.

ராஸ்கோ சங்கத்தின் இன்னொரு கழுகு. அதே நாளில் தொண்ணூற்றெட்டு ஓட்டிக் கோப்பையைக் கையில் வாங்கப்போகிற நேரத்தில் டெல்பர்ட்டின் நூற்றொன்று வந்து அதைத் தட்டிப் பறித்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, அன்றிலிருந்து அவனுக்கு அந்தக் கடிகாரத்தின் மேல்தான் கோபம்.

"நான் ஓடி முடிச்சுட்டு முடிவுக்கோட்டுலதான் கொடி பிடிச்சு நின்னேன். அந்தப் புழுதியில என் மூக்கே எனக்குத் தெரியல. கடிகாரத்துக்கு மட்டும் ஒன் வண்டி எப்படிடா தெரிஞ்சுது?"

"பொறாமைக்கு மருந்து கிடையாது, ராஸ்கோ."

"பொறாமையா? அடுத்த மாசம் ஏரியில பழைய கழுகுங்க கூடுறோம்ல. கரப்பானைக் கொண்டா. அதே எஞ்சின், அதே டயர் அளவு. என் கண் முன்னாடி நூறு ஓட்டிக் காட்டு. ஓட்டிட்டா நான் இனிமே வாயைத் தொறந்தா கேளு. ஓட்டலைன்னா நூத்தியொண்ணுன்னு பொறிச்சு முகப்புல திருகி வெச்சிருக்கியே பித்தளைத் தகடு, அதைக் கழட்டி என் கையில குடு."

"வர்றேன்டா," என்றான் டெல்பர்ட். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. வெல்மாவுக்கு வாயிலிருந்த டோனட் இறங்கவில்லை.

அவள் கலங்கியதற்குக் காரணம் இருந்தது. டெல்பர்ட்டின் இடது கண்ணில் புரை. போன வாரம்தான் பக்கத்து வீட்டு ரோஜாப் பாத்தியில் வண்டியை நிறுத்திவிட்டு, வாசலை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சத்தம் போட்டான். இதயத்தில் பன்றி வால்வு வைத்திருந்தது; அதற்கு மரியாதையாகப் பன்றிக்கறியை விட்டிருந்தான். டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார், மாடிப்படி ஏறலாம், பந்தய வண்டி ஏறக்கூடாது என்று. அப்படிப்பட்டவன் ஓட்டை போட்ட பிரேக் மிதியை நம்பி அந்த ஏரியில் இறங்கினால் திரும்பி முழுசாக வருவானா? அப்படியே வந்தாலும் அந்த நூறு வருமா?

வராது. அது உலகத்தில் வெல்மா ஒருத்திக்குத்தான் தெரியும்.

நடந்தது இதுதான். ஸ்டார்ட்டர் இல்லாத வண்டியைப் பின்னாலிருந்து இன்னொரு வண்டி தள்ளித்தான் உயிர்ப்பிக்க வேண்டும். எஞ்சின் பிடித்ததும் தள்ளுவண்டி ஒதுங்கிக்கொள்ளும், பிறகு மெதுவாகப் பின்னால் போய் அவனை இழுத்து வரும். அன்றைக்கு டெல்பர்ட்டின் தள்ளுவண்டி படுத்துவிட்டது. அவனோடு சினிமாவுக்குப் போய்வந்துகொண்டிருந்த வெல்மா தன் அப்பாவின் வண்டியோடு வந்து நின்றாள். அப்பா ஊரில் சாவுக் காரியங்களை நடத்திக் கொடுக்கிறவர். வண்டி, புத்தம்புது காடிலாக் அமரர் ஊர்தி.

கழுகுகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துவிட்டு, எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தவர்கள் கொஞ்சம் பொறாமைப்பட்டார்கள். அந்த வருஷத்துக் காடிலாக் எஞ்சின் அப்படி. அதை யாரும் விரட்டிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். "இதுல போறவங்க யாருக்கும் அவசரம் கிடையாது, நீயும் அவசரப்படாதே" என்று சொல்லித்தான் அப்பா சாவியைக் கொடுத்திருந்தார்.

பம்பரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு வெல்மா கரப்பானைத் தள்ளினாள். கரப்பான் இருமி, தும்மி, உயிர் பெற்றது. அவள் ஒதுங்கப் பார்த்தாள். முடியவில்லை. காடிலாக் பம்பரில் இரண்டு கொழுத்த கொம்புகள் உண்டு. கரப்பானின் பின்னால் பம்பராக வைத்திருந்த இரும்புக் குழாய் அந்தக் கொம்புகளுக்குப் பின்னால் போய் வசமாக மாட்டிக்கொண்டது. ஹாரன் அடித்தாள். அமரர் ஊர்தியின் ஹாரன் பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் வாயைத் திறந்தது. புகைக்குழாய்ச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அவனுக்குப் பின்னால் பார்க்கிற கண்ணாடியும் இல்லை. பிரேக்கை மிதித்தால் மாட்டிக்கொண்ட வண்டி திரும்பிக் கவிழும். அவன் கவிழ்ந்தால் இந்த மொட்டைத்தலைதான் முதலில் தரையைத் தொடும். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. வேறு வழி தோன்றாமல் காலை அழுத்தினாள். தரையோடு தரையாக அழுத்தினாள்.

கடவுளின் கை என்று அவன் ஐம்பது வருஷமாகச் சொல்வது அதைத்தான்.

முடிவுக்கோட்டைத் தாண்டிய பிறகு ஒரு பள்ளத்தில் இரண்டும் குலுங்கி விடுபட்டன. புழுதி அடங்கி அவள் போய்ச் சேர்ந்தபோது ஒலிபெருக்கியில் நூற்றொன்று என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். டெல்பர்ட் தன் தோல் தொப்பியைத் தரையில் போட்டு அதன் மேல் குதித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஓடி வந்து ஜன்னலில் தலையை நுழைத்தான்.

"வெல்மா, நூறைத் தாண்டாம ஒன்கிட்ட கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தேன். தாண்டிட்டேன். என்ன சொல்றே?"

பம்பர் மாட்டிக்கொண்டதைச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்திருந்தாள். திறந்த வாய்க்கு "சரி" என்ற சொல்தான் வந்தது. அதற்காக அவள் ஒருநாளும் வருந்தவில்லை. நல்ல புருஷன், நல்ல மெக்கானிக், ஒரே ஒரு கதையைத் தவிர வேறு தொல்லை இல்லாதவன்.

ஆனால் இப்போது அந்தக் கதை அவனைக் கொல்லப் பார்த்தது. கழுகுகள் கூடும் நாள் வரைக்கும் டெல்பர்ட் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. இருக்கிற ஓட்டைகளுக்கு நடுவே புது ஓட்டை போட்டான். ரொட்டியை விட்டான், வெண்ணெயை விட்டான். தலையில் மிச்சமிருந்த நாலு முடியையும் மழித்துக்கொண்டு வந்து நின்றான்.

"பல்செட்டையும் கழட்டி வெச்சுட்டா இன்னும் கொஞ்சம் குறையும்," என்றாள் வெல்மா.

அவன் கொஞ்ச நேரம் அதை உண்மையாகவே யோசித்தான்.

அவள் எஞ்சினிலிருந்து தீப்பொறி பிரிக்கிற சின்ன உறுப்பைக் கழற்றி மாவு டப்பாவில் ஒளித்துவைத்தாள். அது இல்லாமல் எந்த எஞ்சினும் ஓடாது. ஆனால் பழைய கழுகின் கொட்டகையில் அந்த உறுப்புக்கா பஞ்சம்? இழுப்பறையைத் திறந்தான், ஒரு கை அள்ளினான், ஒன்றைப் பொருத்தினான், விசிலடித்துக்கொண்டே அடுத்த வேலைக்குப் போய்விட்டான். அந்த வாரம் அவள் சுட்ட ரொட்டியில் மட்டும் கிரீஸ் வாசம் அடித்தது.

கடைசியில் ராஸ்கோ வீட்டுக்கே போய்க் கேட்டுப் பார்த்தாள். "அவனுக்கு வால்வு வெச்சிருக்கு, ராஸ்கோ. போட்டியை விட்டுடேன்."

"வால்வு எங்கிட்டயும்தான் இருக்கு. எஞ்சினுக்குப் பதினாறு," என்றான் ராஸ்கோ. "ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. நூறு ஓட்டலைன்னு. நான் விட்டுடறேன்."

அவன் செத்தாலும் அதைச் சொல்ல மாட்டான். சிக்கலே அதுதான்.

அந்த நாளும் வந்தது. எல் மிராஜ் எப்போதும்போல வெந்து, வெடித்து, தட்டையாகக் கிடந்தது. கழுகுகள் பேரன் பேத்திகளோடும் முழங்கால் உறைகளோடும் வந்திறங்கினார்கள். சோஃபீப் வேனில் டோனட்டுகளோடு வந்து கடை விரித்தாள். கரப்பான் வரிசையில் நின்றது. அதன் வயிற்றுக்குள், ஏதோ போர்விமானத்திலிருந்து கழற்றிய பழைய இருக்கையில், டெல்பர்ட்டை இரண்டு பேர் மடக்கித் திணித்தார்கள். தோல் தொப்பி, பெரிய கண்ணாடி, கழுத்துக்குக் கீழே எல்லாம் பெல்ட். திரும்பிப் பார்க்க முடியாது. கண்ணாடி வழியாக முன்னால் பார்க்கவும் அவனால் முடியாது என்பது வெல்மாவுக்குத் தெரியும்.

"வெல்மா, கோடு எந்தப் பக்கம்?" என்று அவன் மெல்லக் கேட்டான்.

"எந்தக் கோடு?"

"முடிவுக்கோடு."

அவள் பயந்துபோனாள். ஏரி ஆறு மைல் நீளம், அதில் ஒரே ஒரு பக்கம்தான் எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். கதவின் மேல் இருந்த அவன் கையைப் பார்த்தாள். அது கதவு விளிம்பை விடாமல் இறுகப் பற்றியிருந்தது. இவனும் பயந்துதான் இருக்கிறான், இறங்க வழி தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று அவளுக்கு அப்போது விளங்கியது.

"டெல்பர்ட், கீழ இறங்கு," என்றாள். "நீ நூறு ஓட்டல."

சுற்றி நின்றவர்களின் காதுக்கருவிகள் எல்லாம் திருகப்பட்டன.

"நான்தான் ஓட்டினேன். அப்பாவோட பொண வண்டியில. என் பம்பர் ஒன் வண்டியில மாட்டிக்கிச்சு. பிரேக் போட்டா நீ கவுந்துடுவே. அதனால மிதிச்சேன். கோடு வரைக்கும், கோட்டைத் தாண்டியும், நான்தான் தள்ளினேன். முதுகுல கை வெச்சது கடவுள் இல்ல. காடிலாக்."

டெல்பர்ட் பெரிய கண்ணாடிக்குள்ளிருந்து அவளையே பார்த்தான். பார்வை சரியாக அவள் மேல் விழவில்லை, ஓரடி தள்ளி விழுந்தது, ஆனால் அதில் இருந்த வலி அவளுக்குப் புரிந்தது. அதைவிட அவன் திட்டியிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

"இது நல்லா இல்ல, வெல்மா," என்றான் கடைசியில். "என்னைத் தடுக்கணும்னு பொய் சொல்லாதே."

"பொய் இல்ல, கண்ணு."

அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ராஸ்கோ வந்தான். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. போச்சு, இனி இவன் ஏரி முழுக்கத் தமுக்கடிப்பான் என்று நினைத்தாள் வெல்மா.

"என்ன பேச்சு இது, வெல்மா?" என்று கத்தினான் ராஸ்கோ. "நான் கோட்டுல நின்னவன். ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். டெல்பர்ட் தனியாத்தான் வந்தான். ஒன் பொண வண்டி எங்கேயோ ஒரு மைல் பின்னாடி ஊர்ந்துட்டு வந்துச்சு."

"ஒன் மூக்கே ஒனக்குத் தெரியலைன்னு சொன்னியே?"

"யார் சொன்னா? என்ன புழுதி? பளிங்கு மாதிரி இருந்துச்சு அன்னைக்கு."

வெல்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சோஃபீப்தான் காதோரம் வந்து சொன்னாள். "அக்கா, தப்பான கடிகாரத்துக்கிட்ட தோத்தா அவருக்குக் கௌரவம்தான். பொண வண்டிகிட்ட தோத்தா?"

அது சரிதான். தொண்ணூற்றெட்டு மைல் ஓட்டிய ராஸ்கோ பில்ட்ஸ், இறந்தவர்களைச் சுமக்கிற வண்டியை ஓட்டி வந்த பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் கோப்பையை இழந்தான் என்று வெளியே தெரிந்தால், மிச்சமிருக்கிற சனிக்கிழமைகளை அவன் எந்தக் கடையில் போய்க் கழிப்பது? ஐம்பது வருஷமாகப் பிடித்து வைத்திருந்த சந்தேகத்தை அவன் ஒரே விநாடியில் கீழே போட்டான்.

"கடிகாரம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"தங்கமான கடிகாரம்," என்றான் ராஸ்கோ. குனிந்து டெல்பர்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "எல்லாரும் கேட்டுக்கோங்க. இந்த மனுஷன் நூத்தியொண்ணு ஓட்டினான். தனியா ஓட்டினான். நான் சாட்சி. இதுக்கு மேல இவன் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்ல. கீழ இறக்குங்கப்பா அவனை."

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். ராஸ்கோ மீசையோடு சேர்த்து முழு முகத்தையும் துடைத்துக்கொண்டான். நாலு பேர் கைகொடுத்து டெல்பர்ட்டை வெளியே உருவினார்கள். தரையில் கால் வைத்ததும் அவன் விட்ட பெருமூச்சு வெல்மாவுக்குக் கேட்டது. காதுக்கருவி இல்லாமலே கேட்டது.

அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. கழுகுகள் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். "புருஷன் மேல எவ்வளவு பாசம் பாரு, என்னமா ஒரு கதை கட்டினா," என்றார்கள். டெல்பர்ட்டும் ராஸ்கோவும் தோளில் கை போட்டுக்கொண்டு ஒரே பெட்டியிலிருந்து டோனட் தின்றார்கள். புழுதியே இல்லாத அந்த நாளைப் பற்றி இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். வெல்மாவுக்குக் கோபம் வந்தது. புருஷன் உயிரோடு இருக்கிறானே என்ற நிம்மதியும் கோபமும் ஒரே நேரத்தில் வந்தால் எதை முதலில் காட்டுவது என்று தெரியவில்லை. ஐம்பது வருஷம் உள்ளே வைத்திருந்த உண்மையை வெளியே எடுத்தால், வாங்க ஒரு ஆள் இல்லை.

"நான் நம்புறேன்," என்றாள் சோஃபீப், டோனட் பெட்டியை நீட்டியபடி. "எனக்கு எப்பவுமே சந்தேகம்தான். கடவுளுக்கு வேற வேலை இல்லையா?"

சாயங்காலம் கரப்பானை இழுவண்டியில் ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள். வெல்மாதான் ஓட்டினாள். பாம்டேல் தாண்டும் வரைக்கும் டெல்பர்ட் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். அவன் கண்ணுக்கு அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

"வெல்மா."

"ம்."

"அந்தப் பொண வண்டி... நூறுல போறப்ப ஆட்டம் இருந்துச்சா?"

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கிண்டல் இல்லை. தன் வண்டியைப் பற்றிக் கேட்கிற மாதிரிதான் கேட்டான். அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இல்ல. துளிகூட ஆடல. பாறை மாதிரி இருந்துச்சு."

"அது எப்படி? அவ்வளவு நீள வண்டி. பின்பக்கம் காலி. வாலை ஆட்டணுமே."

வெல்மா வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள்.

"காலி இல்ல," என்றாள்.

டெல்பர்ட் மெதுவாகத் திரும்பினான்.

"விக்டர்வில்லுல அடக்கம். அப்பா கொண்டுபோய் விடச் சொன்னார். போற வழிதானேன்னு ஒனக்காக ஒரு எட்டு ஏரிப் பக்கம் வந்தேன். ஆம்ப்ரோஸ் டீக்னு ஒருத்தர். தபால் ஆபீஸ்ல வேலை பாத்தவர்."

"பெட்டியோடயா?"

"பெட்டியோட."

"நூத்தியொரு மைல்லயா?"

"அடக்கத்துக்கு நேரத்தோட போய்ச் சேந்துட்டோம். அவர் சம்சாரம் எனக்கு நன்றிகூட சொன்னா."

டெல்பர்ட் சிரிக்க ஆரம்பித்தான். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு பல்செட் கழன்று மடியில் விழுந்தது. அதை எடுத்துத் துடைத்துத் திரும்பப் பொருத்திக்கொள்ளும் வரை அவனால் பேச முடியவில்லை. அவள் வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று, ஏனென்றால் அவளுக்கும் அடக்க முடியவில்லை. தன் பன்றி வால்வின் மேல் கையை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் சொன்னான்.

"அந்த நூத்தியொண்ணுல நாம மூணு பேரு. அதுல இன்னைக்கு வரைக்கும் அதைப் பத்தி வாயே தொறக்காத பெரிய மனுஷன் அவர் ஒருத்தர்தான்."